"ரிலே சேர்" வகுப்பு: நான்கு பேராகச் சேர்ந்து போனால் மட்டும்

கொழும்பில் நீச்சல் வகுப்புக்குப் பஞ்சமே இல்லை. வெள்ளவத்தையில் நாலு பேரிடம் விசாரித்தால் ஆளுக்கொரு கோச்சின் நம்பரைத் தருவார்கள். ஆனால் ரிலேயை, அதாவது நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராக நீந்துகிற அணிப் போட்டியை, மட்டும் எடுத்துவைத்துச் சொல்லிக்கொடுக்கிற வகுப்பு என்று நான் கண்டது இது ஒன்றுதான். மகளுக்கு 14 வயது. பாடசாலையின் 4x50 மீற்றர் ஃப்ரீஸ்டைல் அணியில் மூன்றாவதாகப் பாய்கிறவள். போன தவணை முழுக்க அவளும் அணியின் மற்ற மூன்று பிள்ளைகளும் சனிக்கிழமைகளில் இங்கே போனார்கள், இன்னும் போகிறார்கள். நீந்தவே தெரியாத பிள்ளைக்கும், கை கால் அசைவைத் திருத்தவேண்டிய பிள்ளைக்கும் இங்கே கட்டுகிற காசு வீண். ஏற்கெனவே ஓர் அணியில் இருக்கிற நான்கு பேர் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

பெயர்ப்பலகையோ பேஸ்புக் பக்கமோ கிடையாது. பாடசாலைகளில் நீச்சலுக்குப் பொறுப்பான ஆசிரியர்களிடம் "ரிலே சேர்" என்று இந்தக் கோச்சைக் கேட்டால் பெரும்பாலும் தெரியும். ஹவ்லொக் வீதியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில், மாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கிற 25 மீற்றர் தடாகத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து நடத்துகிறார். வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோவில் பத்து நிமிடம் என்பார்கள். சனிக்கிழமை பின்னேரம் டபிள்யூ.ஏ. சில்வா மாவத்தை அடைத்துக்கொண்டால் அந்தக் கணக்கெல்லாம் சரிவராது, கொஞ்சம் முந்தியே வெளிக்கிடுங்கள்.

நான் முதலில் கேட்டது ஆழத்தைத்தான். பிள்ளைகள் பிளொக்கில் ஏறி நின்று தலைகீழாகப் பாய்கிறவர்கள். சர்வதேச விதிப்படி, பிளொக் பொருத்திய பக்கத்தில் சுவரிலிருந்து 1 மீற்றர் தொடக்கம் 6 மீற்றர் வரைக்குமாவது 1.35 மீற்றர் ஆழம் இருக்கவேண்டும். சேர் வாய்ப்பேச்சோடு விடவில்லை. அடையாளம் போட்ட ஒரு கம்பைத் தண்ணீருக்குள் விட்டுக் காட்டினார். இந்தத் தடாகத்தில் ஒரு பக்கம்தான் பாயலாம். அந்தப் பக்கத்திலும் சொந்த பிளொக் கிடையாது. மரத்தில் அடித்து, மேலே உப்புத்தாள் மாதிரிச் சொரசொரப்பான விரிப்பு ஒட்டிய இரண்டு பலகைகளை அவரே வானில் ஏற்றிக் கொண்டுவந்து பூட்டுகிறார். ஆடுகிறதா என்று நானே ஏறி மிதித்துப் பார்த்தேன். ஆடவில்லை.

ஆள் கொட்டாஞ்சேனைக்காரர், நாற்பதுகளின் நடுவில் இருப்பார். சின்ன வயதில் சுகததாச தடாகத்துக்கு வீட்டிலிருந்து நடந்தே போய் நீந்தியவர். பிள்ளைகளுக்குச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொல்வார், என்னோடு தமிழில் "அக்கா, இஞ்ச வந்து பாருங்கோ" என்பார். தன்னுடைய நீச்சல் காலத்தைப் பற்றிக் கேட்டால் ஒளிக்காமல் சொல்வார். தனிப் போட்டியில் ஒரு பதக்கமும் இல்லை. 100 மீற்றரில் எப்போதும் ஐந்தாவதோ ஆறாவதோதான். ஆனால் அணிக்கு நான்கு பேர் வேண்டுமே. அப்படியே இரண்டாவது ஆளாகவும் மூன்றாவது ஆளாகவும் பல வருடங்கள் ஓடிவிட்டன. விடிய ஐந்து மணிக்குத் தண்ணீர், எட்டரைக்குக் கோட்டையில் கந்தோர். பின்பு வலது தோள் போனது, அதோடு நீச்சலும் நின்றது. "வீட்டில இருக்கிறது எல்லாம் கால்வாசிப் பதக்கம்தான் அக்கா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சில போட்டிகளில் காலையில் தகுதிச்சுற்றில் இவர் நீந்தி அணியை உள்ளே கொண்டுவருவார். பின்னேரம் இறுதிப் போட்டிக்கு வேகமான ஒருவரைப் போடுவார்கள். இவர் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே நின்று கத்துவார்.

எனக்கு நீச்சல் என்றால் சின்ன வயதிலிருந்தே ஆழிக்குமரன் ஆனந்தன்தான். 1971இல் பாக்கு நீரிணையை ஒரே மூச்சில் போய்த் திரும்பி வந்த வல்வெட்டித்துறை மனுசன். அப்பா அதைச் சொல்லும்போது குரலே மாறும். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, மகள் ரிலே அணியில் இருக்கிறாள் என்பது "தனிப் போட்டிக்கு எடுபடவில்லையாம்" என்று காதில் விழுந்தது என்றே சொல்லவேண்டும். இந்த மனிதர் பயிற்சி கொடுப்பதைப் பார்த்த பிறகு அப்படித் தோன்றுவதில்லை. ரிலேக்காரருக்கு என்றே தனியாக ஒரு வித்தை இருக்கிறது. தனிப் போட்டியில் ஜெயித்த கோச்மார் அதற்கு ஒதுக்குவது வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம். இவர் இரண்டு மணித்தியாலமும் அதையே செய்கிறார்.

அந்த வித்தை இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிறது. தண்ணீரில் வருகிறவர் சுவரைத் தொடும்வரை மேலே நிற்பவரின் கால் பலகையை விட்டு எழக்கூடாது. எழுந்தால் நான்கு பேருக்கும் சேர்த்து அவுட். ஆனால் தொட்டதைக் கண்ட பிறகு கிளம்புவதென்றால் நேரம் போய்விடும். தனிப் போட்டியில் ஹோர்ன் அடித்த பிறகு கால் பலகையை விட நல்ல நீச்சல்காரருக்கே 0.6, 0.7 செக்கன் பிடிக்கும். ரிலேயில் வருகிறவரைப் பார்த்துக்கொண்டே கைகளைச் சுழற்றி, உடம்பை முன்னால் சாய்த்து, பாதம் மட்டும் பலகையில் ஒட்டியிருக்க நின்றால், அவர் தொட்டு 0.2 செக்கனிலோ அதற்கும் முந்தியோ பறக்கலாம். ஒரு மாற்றத்துக்கு அரைச் செக்கன் மிச்சம் என்றாலும், மூன்று மாற்றத்துக்கு ஒன்றரைச் செக்கன். ஒருத்தரும் ஒரு துளி வேகமாக நீந்தாமலே அவ்வளவும் வரும்.

வேலை கூட யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? நான் பாய்கிற பிள்ளைக்கு என்று நினைத்தேன். சேர் முதல் மூன்று வகுப்பும் பிடித்து உலுக்கியது வந்து சேருகிற பிள்ளையைத்தான். சுவருக்கு 5 மீற்றர் முன்னால் மேலே கொடி கட்டியிருக்கும். அந்தக் கொடியிலிருந்து மூச்சு எடுக்கக்கூடாது, தலையைத் தூக்கிச் சுவரைப் பார்க்கக்கூடாது. கடைசியில் கையை நீட்டிக்கொண்டு வழுக்கி வரவே கூடாது. வழுக்கினால் மேலே நிற்பவளின் கணக்குப் பிழைக்கும்: அவள் இந்தக் கையோடு தொடுவாள் என்று எண்ணிச் சாய்ந்திருப்பாள், இவள் இன்னும் ஒரு முழம் தள்ளி மிதந்துகொண்டிருப்பாள். மேலே நிற்பவள் பார்க்கவேண்டியது தடாகத்தின் அடியில் உள்ள கறுப்புக் கோட்டை. சுவருக்கு 2 மீற்றர் முன்னால் அது குறுக்குக் கோட்டோடு முடியும். வருகிறவளின் தலை அந்தக் குறுக்குக் கோட்டுக்கு மேல் வந்ததும் கை சுழலத் தொடங்கவேண்டும். இதை முதலில் தரையில் நிற்கவைத்து, பிறகு சின்னப் பாய்ச்சலாக, பிறகு முழு வேகத்தில் என்று திரும்பத் திரும்பச் செய்விக்கிறார். இரண்டாவது ஆளிடமிருந்து மூன்றாவது ஆள் வாங்குவது ஒரு மாதிரி, மூன்றாவதிடமிருந்து நான்காவது வாங்குவது வேறு மாதிரி. ஒவ்வொரு சோடிக்கும் கணக்கு வேறு. அதனால்தான் நான்கு பேரும் வராவிட்டால் வகுப்பே இல்லை என்கிறார்.

இதையெல்லாம் அவர் கைத்தொலைபேசியில் பிடிக்கிறார். பக்கவாட்டில் குந்தியிருந்து, சுவரும் பலகையும் ஒரே சட்டத்துக்குள் வரும்படி, செக்கனுக்கு 240 படம் ஓடுகிற மெதுவான வீடியோ. பிள்ளைகள் துவாயோடு சுற்றி நிற்க, படம் படமாக நகர்த்துகிறார். மகளுடைய ஒரு பாய்ச்சலில், வந்த பிள்ளையின் நடுவிரல் நுனி சுவரைத் தொட்ட படத்தை நிறுத்திவைத்து அவளுடைய கால் பெருவிரலைப் பெரிதாக்கிக் காட்டினார். நகம் வெளுத்துப்போயிருந்தது, பலகையை அவ்வளவு அழுத்தி நின்றிருக்கிறாள். உடம்பு முழுக்க ஏற்கெனவே தண்ணீருக்கு மேலே கிடந்தது. அடுத்தடுத்த படங்களைத் தள்ளினார்: ஒன்று, இரண்டு, மூன்று. அதே இடத்தில் விரல். ஏழாவது படத்தில் தூக்கியது. "பாருங்கோ, 0.03" என்றார். ஏழு படத்தை 240ஆல் வகுத்தால் அவ்வளவுதான் வரும், நான் போனில் போட்டுப் பார்த்தேன். மகள் அந்த வீடியோவைக் கேட்டு வாங்கி எத்தனை பேருக்கு அனுப்பினாள் என்று தெரியாது.

அவுட் ஆவதைப் பற்றியும் சும்மா பயமுறுத்துவதில்லை. பெரிய போட்டிகளில் மின்கருவி பார்க்கும், 0.03 செக்கன் முந்துவதுவரை மன்னிப்பு உண்டு. பாடசாலைப் போட்டியில் ஒரு நடுவர் தலைக்கு மேல் நின்று கண்ணால் பார்ப்பார். கண்ணுக்கு மிகவும் நல்ல மாற்றமும் முந்தியது போலத் தெரியக்கூடும். ஆகவே பாடசாலைப் போட்டிக்கு ஒரு நூல் பொறுத்துப் பாயச் சொல்கிறார். இன்னொரு விதியை நான் இவரிடம்தான் முதன்முதலில் கேட்டேன்: எல்லா அணியும் நீந்தி முடிக்கும்வரை, முடித்த அணிக்காரர் யாரும் திரும்பத் தண்ணீரில் குதிக்கக்கூடாது. 2001இல் ஜப்பானின் ஃபுகுவோகாவில் நடந்த உலகப் போட்டியில் அவுஸ்திரேலியப் பெண்கள் 4x200இல் முதலாவதாக வந்தார்கள். சந்தோசத்தில் கடைசி ஆளைக் கட்டிப்பிடிக்கத் தண்ணீரில் பாய்ந்தார்கள், மற்ற அணிகள் இன்னும் நீந்திக்கொண்டிருந்தன. தங்கம் பிரித்தானியாவுக்குப் போனது. இந்தக் கதையைக் கேட்டபோது எங்கள் நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்த பார்வையில், ஏற்கெனவே இப்படி ஒரு திட்டம் வைத்திருந்தார்கள் என்று விளங்கியது.

மழைக்கு இடி மின்னல் வந்தால் உடனே தண்ணீரைவிட்டு எழுப்பிவிடுவார், அதில் சமரசம் இல்லை. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர வகுப்பு பாதி இப்படித்தான் போகும். அந்த நேரம் தகரக் கூரைக்குக் கீழே இருத்தி ஒரு போட்டியை ஓடவிட்டுக் காட்டுவார். 2008 பீஜிங், ஆண்கள் 4x100 ஃப்ரீஸ்டைல். அமெரிக்காவின் ஜேசன் லீசாக் கடைசி ஆளாகப் பாயும்போது பிரான்சின் அலென் பெர்னார் முன்னால். பாதித் தூரம் திரும்பியும் பின்னால்தான். கடைசியில் 3:08.24க்கு 3:08.32. 0.08 செக்கனில் தங்கம். லீசாக் அந்த 100 மீற்றரை 46.06 செக்கனில் நீந்தினார். அதே ஒலிம்பிக்கில் சில நாள் கழித்துத் தனிப் போட்டியில் அவருக்கு 47.67, வெண்கலம். தங்கம் எடுத்தவர் அதே பெர்னார். சேர் அங்கே நிறுத்தி, "ஒரே ஆள், ஒரே தடாகம், ஒன்றரைச் செக்கனுக்கு மேல வித்தியாசம். எங்க இருந்து வந்தது?" என்று கேட்டார். பாய்ச்சலில் அரைச் செக்கன், சரி. மிச்சத்தில் கொஞ்சம், லீசாக் லேன் கயிற்றை ஒட்டி நீந்திப் பெர்னாரின் அலையில் தொற்றிக்கொண்டு வந்ததில். "மற்றது?" என்றாள் பக்கத்து வீட்டு நுஸ்கியின் மகள். சேர் பதில் சொல்லாமல் வீடியோவைத் திரும்ப ஓடவிட்டார். லீசாக்குக்கு அப்போது 32 வயது என்பதை என் பக்கம் திரும்பிச் சொன்னார், ஏனென்று தெரியவில்லை.

லீசாக்கை அவர் விரும்புவதற்கு வேறு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். நான்கு ஒலிம்பிக், எட்டுப் பதக்கம், அதில் ஏழு ரிலேயில். கடைசியாக 2012 லண்டனில் 36 வயதில் தகுதிச்சுற்றில் மட்டும் நீந்தினார். அணி இறுதியில் வெள்ளி எடுத்தபோது அவருக்கும் பதக்கம் கிடைத்தது. ஒலிம்பிக்கில் காலையில் நீந்தியவருக்கும் பதக்கம் உண்டு. இதைச் சொல்லும்போது சேர் கொஞ்சம் கூட நேரம் எடுத்துக்கொண்டார்.

பெற்றோருக்கு என்று அவர் சொல்கிற ஒரு விசயத்தைக் கட்டாயம் எழுதவேண்டும், வேறு கோச்மார் இதை எனக்குச் சொன்னதில்லை. ரிலேயில் முதலாவதாக நீந்துகிறவருடைய நேரம் மட்டும்தான் தனி நேரமாக ஏற்கப்படும். மற்ற மூன்று பேரும் ஓடிவந்து பஸ் ஏறுவதுபோல ஏற்கெனவே அசைவில் இருந்து பாய்கிறவர்கள், அவர்களுடைய நேரம் ஒப்பிடச் சரிவராது. ஆகவே வருடம் முழுக்க மூன்றாவதாகவே நீந்துகிற பிள்ளையின் கையில், தெரிவுக்குழுவிடம் காட்ட ஒரு நேரமும் இருக்காது. சேருக்கு நடந்தது இதுதான். அணி சேர்க்கிறபோதெல்லாம் "உன்னுடைய 100 மீற்றர் எவ்வளவு?" என்பார்கள், காட்டுவதற்குப் பழைய நேரம்தான் இருக்கும். இப்போது அவர் பிள்ளைகளின் வரிசையை மாற்றி மாற்றிப் போட்டு, சின்னப் போட்டிகளில் ஒவ்வொருவரையும் ஒருமுறையாவது முதலாவதாக நீந்தவிடச் சொல்லிப் பாடசாலைக்குக் கடிதமே எழுதிக்கொடுக்கிறார். தனிப் போட்டியையும் விடக்கூடாது என்கிறார். இலங்கை நீச்சல் வீரர் மெத்தியூ அபேசிங்க 2016 தெற்காசிய விளையாட்டு விழாவில் எடுத்த ஏழு தங்கத்தில் ரிலேயும் அடக்கம், தனிப் போட்டியும் அடக்கம். இரண்டு காலிலும் நிற்கவேண்டும் என்பது அவர் கட்சி.

இனிக் குறைகள். உடைமாற்றும் அறை ஒன்றே ஒன்று, கொக்கி சரியாகப் பூட்டாது, பிள்ளைகள் முறை வைத்துக் காவல் நிற்கிறார்கள். வீட்டிலிருந்தே உள்ளே நீச்சலுடை போட்டு அனுப்புவது நல்லது. ஓரத்து ஓடுகள் வழுக்கும். பெற்றோருக்கு இருக்க நான்கு பிளாஸ்டிக் கதிரை, ஆறு மணிக்குப் பிறகு நுளம்பு. நேரத்துக்குத் தொடங்குவதும் அபூர்வம், முன்னால் இருக்கிற வகுப்பு எழும்பாது. சேர் அதற்குப் பின்னால் நேரத்தைக் கூட்டித் தருகிறார், ஆனால் எங்களுக்கு ட்யூசன் இருக்கிறதே.

பெரிய குறை காசு விசயத்தில். ஒரு பிள்ளைக்கு ஒரு வகுப்புக்கு 3,500 ரூபா, மாதத்துக்கு முன்கூட்டியே கட்டவேண்டும். தடாக வாடகையைப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் நான்கில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அன்றைய வகுப்பு பாதி வகுப்பு, காசு திரும்பாது. நான் இதைப் பற்றிக் கதைத்தேன். மழையில் கெட்ட வகுப்பை மட்டும் ஈடு செய்வதாகச் சொன்னார், அதை ஒழுங்காகச் செய்கிறார். காய்ச்சலுக்கு மாட்டாராம். அதற்கு ஒரே வழி அணியில் ஐந்தாவது பிள்ளையையும் சேர்ப்பது. ஐந்தாவது பிள்ளைக்குப் பாதிக் காசுதான் எடுக்கிறார், அந்தப் பிள்ளைக்கும் எல்லாச் சோடிகளோடும் பழக்கம் வரும்.

பெண் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் கேட்பதால் சொல்கிறேன்: அவருடைய மனைவி எப்போதும் தடாகக்கரையில் இருப்பார், அவரும் நீந்தத் தெரிந்தவர். பிள்ளைகளைத் தொட்டுத் திருத்தவேண்டிய இடத்தில் அவர்தான் வருவார். எங்கள் அணியில் ஒரு பிள்ளை முழுநீள உடையோடு பயிற்சி எடுக்கிறாள், அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வீடியோக்களைப் பெற்றோருக்கு மட்டும் அனுப்புகிறார், வேறெங்கும் போடுவதில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

பாடசாலை மட்டப் போட்டிகள் நெருங்கும் மாதங்களில் சனிக்கிழமை இடம் கிடைக்காது. இப்போது கேட்டால் ஞாயிறு காலை ஆறரை மணி வகுப்பு மட்டும் காலியாக இருக்கும், அதில் மழைத் தொந்தரவும் குறைவு. நான்கு பெற்றோரும் சேர்ந்து ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கி, ஒருவர் மட்டும் அவரோடு கதையுங்கள். நால்வரும் தனித்தனியே எடுத்தால் நால்வருக்கும் வேறு வேறு நேரம் சொல்லிவிடுவார்.